நிற்பதற்கான காசு

இருபத்தொன்பதாயிரத்தில் ஒரு வண்டி,
இருபத்திரண்டரையில் இன்னொன்று.
நிறம் ஒன்று, கியர் ஒன்று,
டயரின் பற்கள்கூட ஒன்றுதான்.
அப்புறம் எதில் வித்தியாசம் என்றேன்.
அபுதாகிர் பிரேக் லீவரைத் தொட்டுக் காட்டினார்:
"நிக்கறதுலங்க."

நிற்பதற்கு ஆறாயிரத்து ஐநூறு.

கணபதியில் பம்ப்செட் கம்பெனி.
பதினாறு வருஷமாக வார்ப்புகளில் குறை தேடும் வேலை எனக்கு,
குமிழி, மயிரிழை விரிசல், அரை மில்லி கோணல்.
கைப்பையில் சீப்பு இல்லாத நாள் உண்டு,
வெர்னியர் இல்லாத நாள் கிடையாது.
எடுத்துத் தட்டை அளந்தேன்.
இரண்டிலும் நூற்றறுபது, கனம் ஒன்று புள்ளி எட்டு.
சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்தேன்.
விலை குறைந்தது
சுற்றுக்கு ஒருமுறை ஸ்ஸ் என்றது.
"ஓட ஓடச் செரியாப் போயிருமுங்க."
எங்களுக்குக் கோணல் வார்ப்பு அனுப்புகிறவர்களும்
இதையேதான் சொல்கிறார்கள்.

மூலையில் மூன்றாவதும் இருந்தது,
ரிம்மைக் கவ்வும் ரப்பர்க் கட்டையோடு, பதினாலாயிரம்.
அதை எனக்குத் தெரியும்.
மழையில் அது பிடிப்பதற்குள்
செருப்பைத் தரையில் தேய்த்துத்தான் நின்றிருக்கிறேன்,
வருஷத்துக்கு இரண்டு ஜோடி.

மோல்டிங் ஷாப் தெய்வசிகாமணி முன்கூட்டியே சொல்லியிருந்தார்:
"எடுத்தா ஆயில் பிரேக்கு எடுங்க அம்மிணி,
ஒத்த வெரல் போதும்."
கடைவாசலில் ஏறி, பத்தடி மிதித்து,
ஒற்றை விரலால் அழுத்தினேன்.
வண்டி நின்றது.
நான் நிற்கவில்லை.
ஹேண்டில்பார் வயிற்றில் இறங்க,
எதிர் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்
கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

"ஆயில் ஒழுகினால் யார் பார்ப்பார்கள்?"
"இங்கதானுங்க கொண்டாரோணும்."
"ஆனைகட்டியில் ஒழுகினால்?"
சிரித்தார்.
"கம்பி அறுந்தால்?"
"எந்தச் சைக்கிள் கடையிலயும் நாப்பது ரூவாய்ங்க."

வீட்டில் மகன் கேட்டது ஒரே கேள்வி, எவ்வளவு வேகம் போகும்.
வேகத்தைப் பற்றிக் கேட்க
எனக்கு மட்டும் ஏனோ தோன்றவேயில்லை.

கம்பி பிரேக்கையே எடுத்தேன்.
ஸ்ஸ் சத்தத்தைச் சரிசெய்து தரச்சொல்லி
அரைமணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.
மீதிக் காசில் ஒரு ஹெல்மெட்,
இரண்டு ஜோடி பேடு, ஆலன் சாவி செட்டு ஒன்று.
இன்னும் கொஞ்சம் மிஞ்சியது. சொல்லமாட்டேன்.

ஆடி இரண்டாவது ஞாயிறு, மாங்கரை இறக்கம்.
மேற்கேயிருந்து சாரல்.
சாலை கறுப்பாக, வழவழவென்று,
மூங்கில் சருகு ஒட்டிய முதுகோடு கிடந்தது.
ஒரு விரல் போதவில்லை, இரண்டும் போதவில்லை.
பின் பிரேக்கை முதலில், முன்னதைக் கொஞ்சம் கொஞ்சமாக.
மணிக்கட்டு கடுத்தது.
இரும்பு சூடேறும் வாடை,
வேலைநாள் வாடை, ஞாயிற்றுக்கிழமையில்.

இரண்டாவது வளைவில்
சாலையின் குறுக்கே மயில்.
நனைந்த தோகையை இழுத்துக்கொண்டு,
கல்யாண மண்டபத்தில் முன்வரிசைக்குப் போகிறவள் நடையில்.

பிடித்தேன், எட்டு விரலாலும்.
ஈரத் தட்டு அலறியது,
ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் கேட்கும்படி.
எதிர்ச்சரிவிலிருந்து வேறொரு மயில்
அதற்குப் பதில் அகவியது.
என் பிரேக்கு மறுபடி ஒருமுறை,
அதுவும் மறுபடி ஒருமுறை.
பிறகு வண்டி நின்றுவிட்டதால் பேச்சு முறிந்தது.

சாலையிலிருந்தது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முன்சக்கரத்துக்கும் தோகைநுனிக்கும் நடுவே
ஒரு முழம் இருக்கலாம்.
என் வெர்னியர் இருநூறு மில்லிதான் அளக்கும்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில்
பேடைக் கழற்றிப் பார்த்தேன்.
பின்னது கால் மில்லி தேய்ந்திருந்தது, முன்னது அதைவிடக் கூட.
தேதி போட்டு எழுதிவைத்திருக்கிறேன்.
ஆயில் பிரேக்கும் ஈரத்தில் கத்தும் என்று
அபுதாகிர் அப்புறம் சொன்னார்.
அதற்கு மயில் பதில் சொல்லுமா என்று
கேட்க வாயெடுத்தேன்,
வேறொருவர் கடைக்குள் வந்து
நிறங்களைக் கேட்க ஆரம்பித்திருந்தார்.